மாப்பிள்ளை நிற்க ஒரு சுவர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஆமாம், ஓட்டினேன். அம்மா உங்களிடம் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி கோழிக்கூண்டைப் பற்றியது. அதுவும் உண்மைதான், சொன்ன தொனிதான் சரியில்லை. நாங்கள் எல்லோரும் சுகம். கோழிகளும் சுகம், வெளியில் இருக்கின்றன. நீங்களும் சித்தியும் சுகமென்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரர் வருகிறார். நம் டிராக்டரை உடைத்து எடுத்துப்போக. அப்பா உங்கள் சம்மதம் கேட்பார். கொடுக்காதீர்கள். பாதி வண்டி உங்களுடையது. எந்தப் பாதி என்று கேட்டால் முன்பாதி என்று சொல்லுங்கள். இன்ஜின் அதில்தான் இருக்கிறது.

"ஓடாத வண்டி எதுக்குடி?" என்கிறார் அப்பா. ஓடும். எனக்குத் தெரியும். அதன் மட்கார்டில் உட்கார்ந்து வளர்ந்தவள் நான். கிளப்பிவிடும் செல்ஃப் மோட்டார் செத்த வண்டி. மேட்டுக்குத் தள்ளி ஏற்றி, சரிவில் உருட்டிவிட்டால்தான் கிளம்பும். யாராவது தள்ளிவிடாமல் நகராது என்பதால் நீங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. நிறுத்தவும் ஒரு வழி இருந்தது. இன்ஜினை அணைக்கும் கம்பி நான் பிறக்கும் முன்பே அறுந்துவிட்டது. பிரேக்கும் பேருக்குத்தான். அதனால் பின்கட்டுச் சுவரில் மூக்கை முட்டி, டாப் கியர் போட்டு, கிளட்சை விடுவீர்கள். விக்கி நிற்கும். சுவரில் மூக்கு அளவுக்கு ஒரு பள்ளம். என் சின்ன வயதில் ஒருநாள் பக்கத்துத் தோட்டத்து நீல டிராக்டர் வெட்டவெளியில் நின்றது. எதிரே சுவரே இல்லை. ரிப்பேர் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன்.

ஆக, விடுதியிலிருந்து வந்து பையைக்கூட உள்ளே வைக்காமல் நேரே மேட்டுக்குப் போய், டீசல் ஊற்றி, டீசல் குழாயில் காற்றெடுத்து, முட்டுக்கல்லை நகர்த்தி, ஏறி கிளட்சை மிதித்ததும் மாப்பிள்ளை உருண்டு, விட்டதும் இருமி, கரும்புகை கக்கி, கிளம்பியே விட்டது, நான் ஜெயித்துவிட்டேன் சித்தப்பா, அந்தக் கர்வத்தோடு வீட்டைச் சுற்றிவந்து பின்கட்டில் திரும்பினால் சுவரைக் காணோம், போன மாதம் இடித்துவிட்டார்களாம், எனக்கு யாரும் சொல்லவில்லை, அந்த இடத்தில் அம்மாவின் புதுக் கோழிக்கூண்டு, நல்லவேளை கோழிகள் மேயப் போயிருந்தன, கம்பிவலையில் மூக்கை முட்டி இன்ஜினை நிறுத்த முடியாது என்பது மாப்பிள்ளை கூண்டின் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபிறகுதான் எனக்குப் புரிந்தது.

"படிக்கத்தானே அனுப்பினோம்?" என்றாள் அம்மா, முட்டைக்கூடையோடு. "இதுக்கு எத்தன வருஷம் படிக்கணுமாம்?"

நிறுத்த இடமில்லை. வயலில் இறக்கிச் சுற்றினேன். அப்பா கூடவே ஓடிவந்தார்.

"நிறுத்துடி."

"எதுலப்பா?"

கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓடினார். பிறகு தாவி ஏறி மட்கார்டில் உட்கார்ந்தார். என் இடம். பின்னால் கலப்பை இன்னும் மாட்டியபடியே இருந்தது.

"சும்மா சுத்தாத. டீசல் தீர்ற வரைக்கும் அத இறக்கு."

உழுதோம். நேர்க்கோடு என்று சொல்ல மாட்டேன். கோணல் என்று அப்பா சொன்னார், பலமுறை. டீசல் தீர்ந்து வண்டி நின்றபிறகும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"சத்தம் மாறவே இல்ல," என்றார்.

அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேச்சில்லை.

ஆகவே என் திட்டம் இது. மெக்கானிக்கை நாளை வரச் சொல்லியிருக்கிறேன். புதுக் கம்பி போடுவார். இழுத்தால் நிற்கும், நாகரிகமாக. அப்புறம் விற்க அப்பாவுக்கு ஒரு காரணமும் மிஞ்சாது. நீங்கள் மறுத்தால் போதும். புறப்பட்டு வந்து நேரில் மறுத்தால் இன்னும் நல்லது. இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

சித்திக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எனக்கு வேண்டும். மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மட்கார்டு மகள்

பின்குறிப்பு (மறுநாள்): வரவேண்டாம். மறுக்கவும் வேண்டாம். உங்களை யாரும் கேட்கப்போவதில்லை. மெக்கானிக் வந்தார். அப்பா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். "கம்பியெல்லாம் எதுக்கு? அதோட பழக்கத்த மாத்தாதீங்க," என்றார். இரும்புக்காரரிடமும் பேசிவிட்டார்: "பாதி வண்டி என் தம்பியோடது, அவன் ஒத்துக்க மாட்டேங்கறான்." இப்போது பின்கட்டில் நூல் பிடித்துக்கொண்டிருக்கிறார், பழைய சுவர் இருந்த அதே இடத்தில். கூண்டுக்கு வேறு இடம் எங்கே என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் பேனாவை மூடிவைத்துவிட்டுப் போய்ச் செங்கல் எடுத்துக் கொடுக்கப்போகிறேன்.