ஆமை எடுத்த விண்வெளிப் படம்

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாக இருந்த கதையெல்லாம் பழசு. இப்போது அங்கே ஒரு சினிமாக் கொட்டகை இருக்கிறது. அதன் முதலாளி ஜம்புலிங்கம் என்ற கரடி.

அந்தக் கொட்டகையில் ஒரு வெள்ளிக்கிழமை கூர்மநாதன் என்ற ஆமை எடுத்த விண்வெளிப் படம் வெளியானது. பெயர் ‘ஓடில்லாப் பெருவெளி’. ஓர் ஆமைப் பெண் தன்னந்தனியாக விண்கப்பலில் ஏறி வானத்தைத் தாண்டிப் போகிறாள். கடைசியில் ஓட்டைக் கழற்றிவிட்டு வெளியே வந்து மிதக்கிறாள். கதை அவ்வளவுதான். எடுத்து முடிக்க எத்தனை வருடம் ஆனது என்று கேட்கக் கூடாது; எடுத்தது ஆமை.

படத்தின் உயிர் அந்தக் கடைசிக் காட்சி. அதில் சத்தமே கிடையாது. மேலே போகப் போகச் சத்தம் குறைகிறது என்று பருந்து ஒருமுறை சொல்லியிருந்தது. மீதியைக் கூர்மநாதன் தானே கணக்குப் போட்டுக்கொண்டார். அந்த அமைதிக்காகத்தான் படத்தையே எடுத்தார் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டார். காட்டுப் பிள்ளைகளுக்குப் பால்குடி மறக்கும் முன்பே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது: சில்வண்டு வாயை மூடினால் புலி வருகிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால் ஓடு. ஏன் என்று அப்புறம் கேள்.

பகல் காட்சியில் கொட்டகை நிரம்பியிருந்தது. ஆமைப் பெண் ஓட்டைக் கழற்றினாள். சத்தம் நின்றது. அடுத்த கணம் மான்கள் எழுந்தன, பன்றிகள் எழுந்தன, முறுக்குத் தட்டுகள் பறந்தன. கொட்டகை காலி.

வாசலில் மைக்கோடு காத்திருந்த காக்கைக்குக் கொண்டாட்டம்.

“படம் எப்படிங்க இருக்கு?”

“உயிரே போயிடுச்சுண்ணே,” என்றது மான். “க்ளைமாக்ஸ்ல எப்படி வெளிய வந்தேன்னே தெரியல. மிரட்டிட்டாங்க.”

“முடிவே இல்லாத படம்,” என்றது காட்டுப்பன்றி.

“முடிவு வரைக்கும் இருந்தீங்களா?”

“இல்லாத முடிவுக்கு எதுக்குய்யா உக்காந்திருக்கணும்?”

கிணற்றுத் தவளை தொண்டையைச் செருமிக்கொண்டது. “வானம் வட்டமா இருக்குன்னு காட்டினது சரி. ஆனா அவ்வளவு பெரிசெல்லாம் கிடையாது. நான் தினம் பார்க்கிறேனே.”

பத்திரிகையில் விமர்சனம் எழுதும் நரி, கண்ணாடியைத் துடைத்தபடி, “வெளிக் காடுகளில் கொண்டாடுவார்கள். நம் காட்டுக்கு இது ஆகாது,” என்றது.

காலை மழையில் புற்றிலிருந்து வந்த ஈசல் ஒருத்தி மட்டும் சிறகடித்துக் குதித்தாள். “என் வாழ்நாள்லயே இப்படி ஒரு படம் பார்த்ததில்ல!” அது முழு உண்மை.

உள்ளே கூர்மநாதன் காலி இருக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். திரும்பிப் பார்த்தால், போர்வை போர்த்திய புலி.

தலையை உள்ளே இழுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

“பயப்படாதீங்க. டிக்கெட் வாங்கித்தான் வந்தேன்,” என்றது புலி. “நான் எங்க போனாலும் காடு வாயை மூடிக்கும். இத்தனை வருஷத்துல என்னால வராத அமைதியை இன்னைக்குத்தான் பார்த்தேன். சாயங்காலமும் வர்றேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டது.

கூர்மநாதனுக்கு நெஞ்சு நிறைந்தது. அது நிறைந்து முடிவதற்குள் ஜம்புலிங்கம் வந்து நின்றார்.

“டைரக்டரே, கலை எல்லாம் இருக்கட்டும். அந்த இடத்துல ஒரு சில்வண்டுச் சத்தம் போடுங்க.”

“விண்வெளியில ஏதுங்க சில்வண்டு?”

“கப்பல்ல ஒட்டிக்கிட்டுப் போயிருக்கும். இல்லேன்னா சாயங்காலத்துக்குக் குரங்கு டான்ஸ் படத்தைப் போட்டுடுவேன். பெட்டி வந்து தயாரா இருக்கு.”

கூர்மநாதன் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். முக்கியமான முடிவுகளை அவர் அங்கேதான் எடுப்பது வழக்கம். வெளியே வந்தபோது முகம் சுருங்கியிருந்தது. “சரிங்க,” என்றார்.

புதிதாக ஒலி சேர்க்க நேரமில்லை. ஒரு சில்வண்டையே பிடித்துத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள்.

மாலைக் காட்சி. பகலில் ஓடியவர்கள் எல்லாரும், தாங்கள் எதற்காக ஓடினோம் என்று பார்க்கத் திரும்பி வந்திருந்தார்கள். ஆமைப் பெண் ஓட்டைக் கழற்றினாள். பெருவெளியில் மிதந்தாள். கிரீச், கிரீச் என்றது சில்வண்டு. மான் நிம்மதியாக முறுக்குக் கடித்தது. பன்றி பக்கத்து இருக்கையில் குடும்ப விவகாரம் பேசியது. கூர்மநாதன் பார்க்கப் பிடிக்காமல் ஓட்டுக்குள் போய்விட்டார்.

அப்போது பின்வரிசையில் போர்வை எழுந்து நின்றது.

“யாருடா அது, விண்வெளியில கத்துறது?”

சில்வண்டு வாயை மூடியது.

எல்லாரும் திரும்பினார்கள். ஓடலாம் என்றால், கதவுக்குப் பக்கத்தில் நிற்பதே புலி.

“உட்காருங்க. படம் முடியட்டும்.”

உட்கார்ந்தார்கள். கடித்த முறுக்கை யாரும் மெல்லவில்லை. திரையில் பூமி சிறுத்துச் சிறுத்து, மணலில் புதைத்த முட்டை போல ஆனது. ஆமைப் பெண் அதைத் திரும்பிப் பார்த்தாள். கூர்மநாதன் மெல்லத் தலையை நீட்டினார். தான் நினைத்த அமைதி, நினைத்தபடியே, ஒரு கொட்டகை நிறைய இருந்தது. பலர் கண்களில் நீர். எதற்காக என்று அவர் விசாரிக்கவில்லை.

படம் முடிந்ததும் புலி முதலில் வெளியே போய், காக்கையிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டது.

“படம் எப்படி?”

“காவியம் அய்யா,” என்றது மான்.

“முடிவு அபாரம் அய்யா. கதைகூட நிறைய இருக்கு,” என்றது பன்றி.

“வானத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாவே காட்டியிருக்கலாம் அய்யா,” என்றது தவளை.

“நம் காட்டின் பெருமை,” என்றது நரி. சொல்லும்போதே எழுதிக்கொண்டது.

கடைசியாக ஈசல் வந்தாள். சிறகு ஒன்று உதிர்ந்திருந்தது.

“ரெண்டாம் பாதி இழுவை,” என்றாள். “மத்தியானம் சின்ன வயசுல பார்த்தப்ப பிடிச்சிருந்துச்சு. இப்ப அப்படி இல்ல. அந்தச் சத்தமில்லாத இடம் மட்டும் நல்லாருக்கு. நெஜமாவே நல்லாருக்கு.”

“என்னைப் பார்த்துப் பயமா இல்லையா?”

“விடிஞ்சா நான் இல்ல. இதுக்கு மேல நீங்க புதுசா என்ன பண்ணிடப் போறீங்க?”

புலி மைக்கைக் காக்கையிடமே கொடுத்துவிட்டது.

மறுநாள் பத்திரிகையில் ‘ஒருமனதான வரவேற்பு’ என்று வந்தது. குரங்கு டான்ஸ் பெட்டி திரும்பிப் போனது. மாலை போட வந்த ஜம்புலிங்கம், ஈசல் ஏதோ குறை சொன்னாளாமே என்று இழுத்தார்.

“அவளை விடுங்க,” என்றார் கூர்மநாதன், கழுத்தை நன்றாக நீட்டி. “நேத்துப் பொறந்தவ. சினிமாவைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?”

கொட்டகை வாசலில் உதிர்ந்து கிடந்த சிறகுகளை அப்போது கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

நீதி: நல்ல விமர்சனம் வேண்டுமானால் வாசலில் ஒரு புலியை நிறுத்துங்கள். உண்மையான விமர்சனம் வேண்டுமானால் ஈசலிடம் கேளுங்கள். பிடிக்காவிட்டால் விடியும்வரை பொறுத்திருங்கள்.