வெளிச்சம்தான் வில்லன்

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். நீங்களும் சித்தப்பாவும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள், முக்கியமாக அம்மாவுக்கு. கூடப் பிறந்த அக்கா ஆயிற்றே என்று இரக்கப்பட்டுவிடாதீர்கள். போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் உங்கள் கதவிடுக்கில் செருகிவிடுவேன். இன்று அப்பாவுக்குப் பேக்கரியில் விடுமுறை. இரவு வேலை செய்பவருக்கு விடுமுறை இரவில் தூக்கம் ஏது? கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருக்கிறார்.

பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு கதை எழுதினேன். அதில் இருட்டுதான் கதாநாயகன், வெளிச்சம் வில்லன். களைத்துத் தூங்கும் ராஜாவின் கண்ணில் குத்த, ஜன்னல் இடுக்கு வழியே வெளிச்சம் பதுங்கிப் பதுங்கி வரும். இருட்டு ஓடிவந்து காப்பாற்றும். ஜன்னலுக்கெல்லாம் கறுப்பு அட்டை ஒட்டி, பகலில் தவறி சுவிட்சைத் தொட்டால்கூட "யாரு அது லைட்டப் போட்டது?" என்று அப்பா உறுமுகிற வீட்டில் இருந்துகொண்டு எனக்கு வேறு எப்படி எழுத வரும், சொல்லுங்கள். தமிழ் டீச்சர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, கதைன்னா வெளிச்சம் நல்லது, இருட்டு கெட்டது. மாத்தி எழுதிட்டு வா" என்றார். மாற்றினேன், சித்தி. நல்ல வெளிச்சம் ராஜாவின் முகத்தில் பளீரென்று அடித்து அடித்துக் காப்பாற்றியதில் அவர் தூக்கமில்லாமல் காய்ச்சலில் விழுந்துவிட்டார். சரி, திருடனைக் கொண்டுவரலாம் என்று பார்த்தால், அவன் பட்டப்பகலில் வந்து இரண்டாவது வரியிலேயே மாட்டிக்கொண்டான், கதை அதோடு முடிந்துவிட்டது. டீச்சர் என்னை உற்றுப் பார்த்து, "வீட்ல எதாவது பிரச்சினையா?" என்றார். "இல்ல டீச்சர், ஜன்னல்லதான்" என்றேன். "நாளைக்குப் பத்து மணிக்கு அப்பாவக் கூட்டிட்டு வா. இல்லன்னா கதை மலர்ல வராது."

பத்து மணி அப்பாவுக்கு நடுராத்திரி. எழுப்பினால் உறுமுவார். கதையைப் படித்தாலோ ராஜா யாரென்று தெரிந்துவிடும். கிரீடத்தில் மைதா மாவு ஒட்டியிருந்தது என்று வேறு எழுதித் தொலைத்திருக்கிறேன். அதனால் அவருக்குப் பதிலாக நீங்கள் வர வேண்டும். கதையை மாற்ற மட்டும் சம்மதிக்காதீர்கள். இருட்டைக் கெட்டவனாக்க எனக்கு மனசு வரவில்லை. அது இருந்தால்தான் அப்பா தூங்குவார், தூங்கினால்தான் சாயங்காலம் எழுந்து சிரிப்பார்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். குட்டிப் பாப்பாவுக்கு முத்தம்.

இப்படிக்கு, உங்கள் அன்பு மக

யாரோ கதவைத் தட்டுகிறா

பின்குறிப்பு: அப்பாதான். நடையில் பல்பு போய்விட்டதாம், டார்ச் கேட்டு வந்தார். போர்வையை விலக்கியதில் கதை அவர் கையில் சிக்கிவிட்டது. நின்றபடியே படித்தார். மாவுக் கிரீடம் வந்த இடத்தில் மூக்கில் ஒரு சிரிப்பு. டீச்சர் மாற்றச் சொன்னதையும் பத்து மணிக்கு அவரைக் கூப்பிட்டதையும் சொல்லிவிட்டேன்.

"உங்க டீச்சர் சொல்றது சரிதாண்டி. இருட்டுன்னா எனக்கே பயம்."

"உங்களுக்காப்பா? பகல் பூரா இருட்டு வேணும்பீங்களே?"

"அது கண்ண மூடினப்புறம். முழிச்சிருக்கும்போது யாருக்கு வேணும்? அதான் ராத்திரி பூரா வெளிச்சமா இருக்கும்னு பேக்கரில அடுப்புப் பக்கத்து வேலையா கேட்டு வாங்கினேன். ஆனா நீ கதைய மாத்தாத. ராஜா பாவம், தூங்கட்டும்."

பத்து மணிக்கு அவரே வருகிறாராம். நீங்கள் வர வேண்டாம், சித்தி. கடிதத்தை அம்மாவுக்குக் காட்டினாலும் பரவாயில்லை. டார்ச்சை அப்பா கொண்டுபோய்விட்டார். வரி மேல் வரி ஏறியிருந்தால் இருட்டைத் திட்டாதீர்கள்.