மூச்சுக்குக் கிடைத்த பூஜ்யம்

சில்வர் ஸ்பிரிங், வியாழக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் மெகூரியா அவர்களுக்கு வொர்க்னே எழுதுவது. உங்கள் உடல்நிலை எப்படி, பிள்ளைகள் சுகமா, நம் ஊர் தெஸ்ஸேயில் மழை விட்டதா? ஆண்டவன் தயவில் நாங்கள் நலம். நலம் என்று எழுதுவது முறைக்காகத்தான்.

உங்கள் தங்கை ஷெவாயேவும் நானும் முதலில் இந்த நாட்டுக்கு வந்தபோது மகள் மெஸ்கெரெமை மூன்று வருடம் உங்களிடம் விட்டிருந்தோம். பெரியவர்கள் முகத்தைப் பார்க்காதே, குரலை உயர்த்தாதே என்று வளர்த்திருக்கிறீர்கள். அதன் பலனைக் கேளுங்கள். பள்ளிப் படிவத்தில் வீட்டு மொழி அம்ஹாரிக் என்று எழுதினேன். அப்படி எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்களாம். வைக்கட்டுமே, ஊரில் பதினெட்டு வருடம் ஆங்கில வாத்தியாராக இருந்தவன் மகள்தானே என்று, கார் நிறுத்துமிடக் கூண்டில் சீட்டுக் கிழித்தபடி நிம்மதியாக இருந்தேன். தேர்வு வைத்த மிஸ் கார்வர், "நான் சொல்றது புரியுதாம்மா?" என்று கேட்டிருக்கிறார். இவள் தரையைப் பார்த்துக்கொண்டு 'ஹப்' என்று மூச்சை உள்ளே இழுத்திருக்கிறாள். நம் ஊரில் அது முழு 'ஆமாம்'. அந்த அம்மாள் பூஜ்யம் போட்டார். "இங்கிலீஷ் படிச்சிருக்கியா?" ஹப். பூஜ்யம். ஐந்தாவது ஹப்புக்கு ஆஸ்துமா என்று பயந்து நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார். "மூச்சு விட முடியுதா?" என்று நர்ஸ் கேட்க, அதற்கும் ஹப்!

முதல் நிலை ஆங்கில வகுப்பில் போட்டுவிட்டார்கள். பதினைந்து வயதுப் பெண் ஆப்பிள் படத்துக்கு வண்ணம் தீட்டுகிறாள். அங்கேயே இருந்தால் இந்த வருடம் அல்ஜீப்ரா கிடையாது, உயிரியல் கிடையாது, பள்ளியை முடிப்பதே இரண்டு வருடம் தள்ளிப்போகும். மறுதேர்வு ஒரே ஒருமுறைதான். அது நாளைக் காலை. அதனால் ஒரு வாரமாக வீட்டில் மூச்சிழுக்கத் தடை போட்டிருக்கிறேன். "வாயைத் திறந்து யெஸ்னு சொல்லுடி!" என்று நான் கத்த, ஷெவாயே, "நீங்க கத்துற கத்துல அவளுக்கு இருக்கிற மூச்சும் நின்னுடும். எங்க அண்ணனைத் திட்டினது போதும், தட்டுல இன்னொரு இன்ஜெரா வைக்கவா?" என்றாள். நான் எப்போதும்போல் பதில் சொன்னேன். ஏனோ தாயும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நாளை அவள் தோற்றால் பழி உங்களுடையது. என் கல்யாணப் படத்தில் என் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றீர்களே, அதைக்கூட மன்னித்தேன். இதை மன்னிக்கமாட்டேன். மாதா உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

மனம் புண்பட்ட,
வொர்க்னே

பி.கு.: வெள்ளி மாலை. நல்லவேளை, உறையை ஒட்டவில்லை. காலையில் மிஸ் கார்வர் முதலில் என்னைக் கேட்டார்: "மறுதேர்வுக்கு உங்களுக்குச் சம்மதந்தானே சார்?" நான் மரியாதையாகத் தரையைப் பார்த்தேன். ஹப் என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி ஹப். "அப்பாவுக்கு இஷ்டமில்லபோல" என்று ஃபைலை மூடிவிட்டார். மெஸ்கெரெம் எழுந்து, அவர் முகத்தை நேராகப் பார்த்து, ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினாள்: "மூடாதீங்க மிஸ். எங்கப்பா ரெண்டு தடவை ஆமான்னுட்டார். எங்க ஊர்ல மூச்சை இழுத்தா ஆமான்னு அர்த்தம். அன்னிக்கு நானும் ஆமா ஆமான்னுதான் சொன்னேன். நீங்கதான் நர்ஸைக் கூப்பிட்டீங்க!"

அதற்குப் பிறகு தேர்வு பேருக்குத்தான் நடந்தது. திங்கள் முதல் அவளுக்கு அல்ஜீப்ரா உண்டு. மேலே உங்களைப் பற்றி எழுதியதை அடிக்க எனக்கு மனமில்லை; நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது மிஸ் கார்வர் என் கையில் ஒரு படிவம் கொடுத்தார். பெரியவர்களுக்கான மாலை நேர ஆங்கில வகுப்பாம். "சேர்ந்துக்கிறீங்களா சார்?" என்று கேட்டார். வாசல் தாண்டும்வரை மூச்சை அடக்கிக்கொண்டே நடந்தேன்.