மைக்செட் அண்ணன் கழுத்தில் தொங்கும் அட்டை

கண்ணில் விடுகிற மருந்து கண்ணோடு நின்றுவிடும் என்று நரை விழும் வரை நம்பியவன் நான். வாயால் விழுங்கினால்தான் மருந்து, மற்றதெல்லாம் தண்ணீர். இந்த அறிவை வைத்துக்கொண்டு குரும்பலூர் மைக்செட் அண்ணனுக்கு வைத்தியம் பார்க்கவும் துணிந்தேன்.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் காலி மாத்திரை அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் ஒரே மனிதர் அண்ணன்தான். எப்போதோ ஒரு காய்ச்சலுக்குச் சாப்பிட்ட சல்பா மாத்திரை, உடம்பெல்லாம் கொப்பளித்துத் தோலை உரித்துவிட்டது. உயிர் மிஞ்சியது, வலது கண் மிஞ்சவில்லை. இடது கண்ணும் ஈரமின்றிக் காய்ந்துபோனதால் ராத்திரியிலும் கூலிங் கிளாஸ். இனி சல்பா குடும்பத்து மருந்து எதுவுமே ஆகாது என்று வைத்தியம் பார்த்த டாக்டரம்மா சொன்ன அன்றே, யாரும் பெயரைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அந்த அட்டையை உறையில் போட்டுக் கறுப்புக் கயிற்றில் கோத்துக்கொண்டார். சிறுவாச்சூரில் ஒரு பெண்மணி அதை எந்தக் கோயில் தாயத்து என்று விசாரித்து, தனக்கும் ஒன்று கேட்டார்.

மருந்துக்கடையில் நாலு மாத்திரை கேட்டால் கத்தரியால் வெட்டித் தருவார்கள். பெயர் இருக்கும் பக்கம் கடையிலேயே தங்கிவிடும். நமக்கு அதில் வருத்தமில்லை. அண்ணனுக்கோ அந்தக் கத்தரிதான் ஜென்ம விரோதி. கல்யாண வீட்டில் எல்லோரையும் பந்திக்கு அழைத்த அதே மூச்சில், மாத்திரையைப் பெயரோடு வெட்டி வாங்குங்கள் என்று மைக்கில் சொல்லிவிடுவார். மாப்பிள்ளைக்கு ஏதோ வியாதி என்று பெண்வீட்டார் பதறியதுண்டு.

அரியலூர்ப் பக்கம் ஒரு காதுகுத்துக்கு அண்ணன் மைக்செட் கட்டப் போக, நானும் கூடப் போனேன். சிமென்ட் லாரிப் புழுதியில் அண்ணனின் இடது கண் மிளகாய்ப்பழமாகிவிட்டது. என் சட்டைப்பையில் என் கண்வலிக்கு வாங்கிய சொட்டு மருந்து இருந்தது. மூடியைத் திறந்து, அண்ணாந்து பாருங்கள் என்றேன்.

"பேரு என்ன?"

"கண்ணு மருந்துண்ணே. எனக்கு ஒரே நாள்ல கேட்டுச்சு."

"ஒன் கண்ணப் பத்தி கேக்கல."

"ஒங்களுக்கு மாத்திரதான ஆகாது? இது சொட்டுதான?"

அண்ணன் குப்பியைப் பிடுங்கினார். எறும்பு எழுத்து, அவரால் படிக்க முடியவில்லை. என்னைப் படிக்கச் சொல்லவும் அவருக்கு நம்பிக்கையில்லை. படம் பிடித்து டாக்டரம்மாவுக்கு அனுப்பிவிட்டு, கண் எரிய எரியக் காத்திருந்தார். போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டவர், பக்கத்திலிருந்த மைக்கை அணைக்கவில்லை.

அதுவும் சல்பா குடும்பம்தான், ஒரு சொட்டுகூடப் படக்கூடாது என்ற டாக்டரம்மா, "யாருங்க ஒங்களுக்கு இதக் குடுத்தது?" என்று கேட்டது பந்தி வரை கேட்டது. சாம்பாரோடு கை நின்றுபோக, மொத்தப் பந்தியும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

அன்று முதல் அண்ணன் உத்தரவு: தலைவலி மாத்திரை வாங்கினாலும் கத்தரி படுவதற்குமுன் நான் படமெடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும். இருக்கிற அந்த ஒரு கண்ணால் அதைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் சரி என்று பதில் போடுவார். போன வாரம் சலித்துப்போய்க் கேட்டேன், எனக்குத்தான் எந்த மருந்தும் ஒன்றும் செய்ததில்லையே, நான் எதற்குப் பெயர் பார்க்க வேண்டும் என்று.

"நானும் அப்டித்தான் இருந்தேன்."