பாத்ரூம் இடது பக்கம், தத்துவம் இங்கே

திருச்சி மாவட்டத்தில் பிறந்தவர்களிலேயே விற்கத் தெரியாத ஒரு மனிதரைச் சொல்லுங்கள் என்றால், தயங்காமல் பத்து சாரைச் சொல்வேன். சித்திரை வெயிலில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்று சும்மா நீர்மோர் கொடுக்கச் சொன்னால்கூட, "ஜில்லுனு இருக்கு, தொண்டை கட்டும், யோசிச்சுக் குடிங்க" என்பார். அப்படிப்பட்டவரிடம் கடவுள் விற்கக் கொடுத்த சரக்கு, பி.ஏ. தத்துவம்.

நான் அவர் வேலை பார்த்த கலைக் கல்லூரியில் கிளார்க். அட்மிஷன் கவுன்ட்டர் என் தலையில். அவர் தத்துவத் துறையின் தலைவர். மற்றவர்கள் ஒவ்வொருவராக ரிட்டயராகிவிட, துறையில் இருந்த ஒரே ஆளும் அவர்தான். ஆனாலும் மாதாமாதம் துறைக் கூட்டம் நடக்கும். அவரே முன்மொழிவார், அவரே வழிமொழிவார். ஒருமுறை மினிட்ஸ் நோட்டைப் புரட்டினேன். "தலைவரின் கருத்தை உறுப்பினர் ஏற்கவில்லை. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதியிருந்தது.

பத்து என்பது அவர் பெயர் இல்லை. பத்துப் பேராவது சேராத துறையை இழுத்து மூடிவிடலாம் என்று நிர்வாகம் ஒரு விதி போட்டிருந்தது. அதனால் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் எதிரே வருகிறவரிடம் வணக்கம்கூடச் சொல்லாமல், "பத்து ஆயிடுமா?" என்று கேட்பார். வாட்ச்மேன் முதல் பிரின்சிபால் வரை எல்லோருக்கும் அவர் பத்து சார் ஆனது அப்படித்தான்.

அட்மிஷன் நாளில் ஹாலில் துறைக்கு ஒரு மேஜை போடுவோம். கம்ப்யூட்டர் சயின்ஸ் மேஜையில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம். பக்கத்திலேயே பத்து சார், மின்விசிறிக்கு நேர் கீழே, தனியாக. அவரிடமும் ஆட்கள் வருவார்கள். காற்று வாங்க வருவார்கள், இல்லாவிட்டால் பாத்ரூம் எங்கே என்று கேட்க வருவார்கள். இரண்டு நாள் வழி சொல்லிப் பார்த்தவர், மூன்றாம் நாள் அட்டையில் தன் கைப்பட எழுதி மேஜைமேல் நிறுத்திவிட்டார்: "பாத்ரூம் இடது பக்கம். தத்துவம் இங்கே."

தப்பித்தவறி யாராவது உட்கார்ந்தால் கேட்பது ஒரே கேள்விதான்.

"இதைப் படிச்சா வேலை கிடைக்குமா சார்?"

"சொல்ல முடியாதுங்க."

வந்தவர் எழுந்துவிடுவார். நான் பக்கத்தில் போய், "சார், வாய்ப்பு பிரகாசமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்பேன்.

"பிரகாசமா இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் எப்படிங்க சொல்றது?"

மேஜையில் உட்கார்ந்து பயனில்லை என்று ஒரு வருஷம் நோட்டீஸ் அடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஷிப்ட் விடுகிற நேரம் பார்த்து கேட்டில் நின்று விநியோகித்தார். "நாம் ஏன் கேள்வி கேட்க வேண்டும்?" என்று பெரிய எழுத்தில் தலைப்பு. வாங்கியவர்கள் பரபரப்பாகப் படித்துவிட்டு, "தோழர், ஸ்ட்ரைக் என்னைக்கு?" என்று சூழ்ந்துகொண்டார்கள். 

அடுத்து தில்லை நகரில் ஒரு கிளினிக். "வாழ்க்கையைப் பத்தி நிஜமாவே சந்தேகம் இருக்கறவங்க அங்கதான் உக்காந்திருப்பாங்க" என்பது அவர் கணக்கு. கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்தவர் கையில் டோக்கனைத் திணித்து, நம்பர் வந்ததும் உள்ளே தள்ளிவிட்டார்கள். டாக்டர் பி.பி. பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கை உள்ளே இழுத்ததும் பத்து சார் நோட்டீஸை நீட்டினார். டாக்டர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "எனக்கும் இதுல ஆசை இருந்துது சார். எங்கப்பா விடல" என்று பெருமூச்சு விட்டாராம். அவரும் சேரவில்லை.

ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் ஒரு மாமியோ ஒரேயடியாக முடித்துவிட்டார். "தத்வத்துக்கு என்ன குறைச்சல்? அதான் எங்காத்துக்காரர் பொழுதன்னிக்கும் சொல்லிண்டிருக்காரே. கம்ப்யூட்டர்தான் ஆத்துல யாருக்கும் வரல. அதுக்குத்தான் குழந்தையை வெளில அனுப்பறேன்."

அந்த வருஷம் கடைசி நாள்வரை ஒன்பது பேர். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காதவர்கள் நாலு பேர், ஹாஸ்டல் சீட்டுக்காக மூன்று பேர், கபடி டீமுக்காக ஒருவன், விண்ணப்பத்தில் தவறான கட்டத்தில் டிக் அடித்தவன் ஒருவன். அந்தக் கடைசி ஆளிடம் போய், "தம்பி, தப்பா அடிச்சிட்டீங்க, மாத்திக்கறீங்களா?" என்று கேட்கக் கிளம்பியவரை நான்தான் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

கவுன்ட்டர் மூட அரைமணி இருக்கும்போது கனகா வந்தாள். துறையூர்ப் பெண். பிளஸ் டூவில் நல்ல மார்க். பி.காம். தாராளமாகக் கிடைக்கும் என்றேன். "தத்துவம்தான் வேணும் சார். ஸ்கூல்ல கேள்வி கேட்டா உக்காருன்னு சொல்லிட்டாங்க. இங்க நின்னுக்கிட்டே கேக்கலாம்ல?" என்றாள். பத்து சாருக்குக் கண் கலங்கிவிட்டது. பத்தும் ஆகிவிட்டது.

மறுநாள் காலையிலேயே அவள் அப்பா வந்து நின்றார். வெங்காய வியாபாரி. கூடவே இரண்டு சித்தப்பாக்கள். சர்ட்டிபிகேட்டைத் திருப்பிக் கொடு என்று சத்தம். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு போனா டிபார்ட்மெண்ட் குளோஸ். அவரை இன்னைக்கு ஒருநாள் வாயை மூடிக்கிட்டு தலையை மட்டும் ஆட்டச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். பத்து சாரும் சரி என்றார்.

கனகா சுவரோரமாக நின்றாள். அழவில்லை. ஆனால் துப்பட்டா நுனியைக் கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பா நேராக வந்தார். "சுத்தி வளைக்க வேணாம் சார். இதைப் படிச்சா எம்மவளுக்கு வேலை கிடைக்குமா, கிடைக்காதா? ஒரே வார்த்தை."

அவர் முதுகுக்குப் பின்னால் நின்று நான் 'கிடைக்கும், கிடைக்கும்' என்று தலையாட்டினேன். கழுத்தே சுளுக்கிக்கொண்டது.

பத்து சார் என்னைப் பார்த்தார். கனகாவைப் பார்த்தார். "கிடைக்காதுங்க" என்றார்.

முடிந்தது கதை என்று நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கனகாவின் அப்பா பத்து சாரை மேலும் கீழும் பார்த்தார். "முப்பது வருசமா யாவாரம் பண்றேன். தன் சரக்கு இப்படித்தான்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார். மகள் பக்கம் திரும்பி, "இவருகிட்டயே படி" என்றார்.

பத்து சாராவது சும்மா இருந்தாரா? "அவசரப்படாதீங்க, வீட்டுக்குப் போய் நல்லா யோசிச்சு..." என்று ஆரம்பித்தார். நான் பாய்ந்துபோய் சர்ட்டிபிகேட்டுகளை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த ஜூனில் ஏழு பேர்தான். பூட்டிவைக்க பீரோ இருந்தது, ஆள் இல்லை. அந்த ஏழு பேரையும் வேறு துறைக்கு மாற்றிவிட்டார்கள். கனகாவின் செட் படித்து முடித்ததோடு துறையும் முடிந்தது. பத்து சாரை கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்கு இன்டர்வியூப் பயிற்சி எடுக்கப் போட்டார்கள். "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்", அதாவது உன்னைப் பற்றிச் சொல், இதுதான் முதல் பாடம். அவர் ஆறு வாரம் அந்த ஒரே கேள்வியில் நின்றார். பெயரைச் சொன்னால், "பேருதான் நீங்களா?" என்றார். ஊரைச் சொன்னால், "ஊரு மாறினா வேற ஆளாயிடுவீங்களா?" என்றார். அந்த வருஷம் கம்பெனிக்காரர்கள் வந்து அதே கேள்வியைக் கேட்டபோது, பையன்கள் வரிசையாக வாய் திறக்காமல் யோசித்தார்கள். ஒருவன் நாலு நிமிஷம் யோசித்துவிட்டு, "இன்னும் தெரியல சார்" என்றானாம். பத்து சாரிடமிருந்து அந்த வகுப்பையும் பிடுங்கிவிட்டார்கள்.

போன வருஷம் ரிட்டயரானார். இல்லாத துறைக்கு யார் விழா எடுப்பார்கள்? நானே ஆபீஸ் ரூமில் ஒரு மாலையும் வடையும் ஏற்பாடு செய்தேன். கனகா அப்பாவோடு வந்திருந்தாள். இரண்டு வருஷம் வீட்டில் சும்மா இருந்துவிட்டு, இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். டாக்டர் சொன்னது புரியாமல் திகைத்து நிற்கிற குடும்பத்தாரோடு உட்கார்ந்து, அவர்கள் கேட்பதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு விளக்குகிற வேலை. அவள் அப்பா, "வேலை கிடைக்காதுன்னு நீங்க சொன்னது பொய்யாப் போச்சே சார்!" என்று பெரிதாகச் சிரித்தார்.

பத்து சார் முகம் வாடிவிட்டது. மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, "ஆமாங்க, தப்பாத்தான் சொல்லிட்டேன். மன்னிக்கணும்" என்று கைகூப்பினார்.

சாயங்காலம் அவரை வீட்டில் விட என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். பாலம் தாண்டியதும் மாம்பழச்சாலையில் அவர் வீடு. பின்னால் உட்கார்ந்து, நேரம் என்ற ஒன்று நிஜமாகவே இருக்கிறதா என்று ஆரம்பித்திருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தெரு வந்தது. நான் திரும்பாமல் நேரே ஸ்ரீரங்கம் போய், கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு, மெதுவாகத்தான் வந்தேன்.