தேறல் ஊற்றிய கேக்

என் உடன்பிறந்த அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்னையும் மச்சானையும் பிள்ளைகளையும் அல்லாஹ் நல்லபடியாக வைத்திருப்பானாக. இங்கே எல்லோரும் நலம்; அந்த ‘எல்லோரும்’ கணக்கில் என்னைச் சேர்க்காதே. போனில் சொல்லியிருப்பேன். ஆனால் எங்கள் கூரைக்கும் மாடித் தரைக்கும் நடுவில் இருப்பது ஒரு சாண் காரைதான், நான் தும்மினால் மேலிருந்து துஆ வருகிறது. அதனால் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு எழுதுகிறேன்.

விஷயம் மார்க்க விஷயம். பொறாமை விஷயம் இல்லை. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன், பிறகு நீ சிரிக்கக் கூடாது. மச்சான் பள்ளிவாசலில் தொழ வைக்கிறவர் என்பதால் அவரிடம் கேட்டு எனக்கு ஒரு தீர்ப்பு வாங்கி அனுப்பு.

மாடியில் இருப்பவளை உனக்குத் தெரியும். இவருடைய அண்ணன் மனைவி, பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள். நேரில் அவளையும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், ஆனால் கடிதத்தில் எனக்கு அக்கா நீ ஒருத்திதான். அவளை ‘இலக்கியம்’ என்றே எழுதுகிறேன். கேக்கை அணிச்சல் என்பாள். அப்படிச் சொன்னாலே பாதி வெந்துவிடும்போல, அவள் செய்தால் பஞ்சு மாதிரி வருகிறது. என் மகளுக்கு அடுத்த வாரம் ஐந்து வயது நிறைகிறது, வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கேக் கொண்டுபோக வேண்டும். பெற்ற தாய் செய்வதுதானே முறை? செய்து பார்த்தேன். இவர் கத்தியை வைத்து இரண்டு தரம் அழுத்திவிட்டு, “ரம்பம் இருக்கா?” என்றார். இவரைப் பெற்ற மாமி ஒரு துண்டை வாயில் போட்டு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “வாசனை நல்லாருக்கும்மா” என்றார். வாசனைக்கு நான் குறை வைப்பதே இல்லை அக்கா, எசன்ஸ் ஒரு மூடி ஊற்றச் சொன்னால் நான் மூன்று மூடி ஊற்றுகிறவள், பிள்ளைக்குச் செய்வதில் என்ன கஞ்சத்தனம். ஆனால் அந்தப் பிள்ளையே என் முகத்தைப் பார்த்து, “பெரியம்மா கேக்தாம்மா வேணும்” என்கிறாள். அப்போ என்னோடது என்றேன். “அதுவும் நல்லாருக்கும்மா. வாசம்.” இந்த வயதில் இவளுக்கு இந்தச் சமாளிப்பை யார் கற்றுக்கொடுத்தது? மாமி உடனே, “சரி, மேலேயே செய்யட்டும்” என்று முடித்துவிட்டார். சுமந்து பெற்றது நான், பஞ்சு அவளா?

அப்படி என்னதான் போடுகிறாள் என்று பார்த்து வர மகளையே மேலே அனுப்பினேன். வேவு என்று நினைக்காதே, பெரியம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசை. இறங்கி வந்தாள்.

“என்னடி ஆச்சு?”

“தேறல்ம்மா.”

தேறலயா! அல்லாஹ் மன்னிக்கட்டும், எனக்கு அடிவயிறு வரைக்கும் குளிர்ந்தது. அடப்பாவமே என்று வாயால் சொல்லிவிட்டு, உடனே ஒரு டீ போட்டுக் குடித்தேன். டம்ளரைக் கழுவுவதற்குள் தட்டோடு வந்து நிற்கிறாள் இலக்கியம், தட்டில் கேக் தலையணை மாதிரி உப்பி உட்கார்ந்திருக்கிறது. தேறாத கேக் இப்படியா இருக்கும்? “ஒரு வாய் சாப்பிட்டுப் பாரேன்” என்றாள். எரிச்சலில் “நோன்பு” என்று சொல்லிவிட்டேன். அவள் என் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தட்டை மேடையில் வைத்துவிட்டு மாடி ஏறிவிட்டாள், கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுபடி மகளைப் பிடித்து விசாரித்தால், “தேறல இல்லம்மா, தேற-ல்! ஊத்துவாங்கல்ல, அது” என்று நாக்கை மடித்துச் சொல்கிறாள். போனில் அகராதியைத் திறந்தேன். ‘தேறல்: தெளிந்த கள்.’ அதற்குக் கீழேயும் ஏதோ போட்டிருந்தது, எனக்கு இருந்த படபடப்பில் அதையெல்லாம் யார் படித்தது? கள்ளு அக்கா! நம் வீட்டில்! இப்போது நினைத்துப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. அந்தக் கேக்கைத் தின்றுவிட்டு மாமி அஸர் தொழுகை வரை தூங்கினார். பேசவே பேசாத இவருடைய அண்ணன், பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் வலியச் சிரித்தார். இவரோ குளியலறையில் பாடினார். நான் தட்டையெல்லாம் ஏழு தடவை கழுவி, அதில் ஒரு தடவை மண் போட்டுத் தேய்த்தேன். இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “அது நாய் நக்குனாதான்டி” என்றார். விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. “அப்படியே ஊத்தியிருந்தாலும் ஓவன் சூட்டுல ஆவியாப் போயிருக்கும், விடு” என்கிறார்! எது நிறையக் குடித்தால் போதை தருமோ அதில் கொஞ்சமும் கூடாது என்று சின்ன வயதில் நாமிருவரும் ஓதவில்லையா? ஆவியாகிவிட்டால் ஹலாலா? அப்படியென்றால் ஊற்றுவானேன்?

ஆகவே மச்சானிடம் கேள். கேட்கும்போது அவர் வயிறு நிறைந்து நல்ல மனநிலையில் இருக்க வேண்டாம், கொஞ்சம் கண்டிப்பாக இருக்கும் நேரமாகப் பார்த்துக் கேள். ‘ஆவியாகிவிடும், பரவாயில்லை’ என்று மட்டும் எழுதிவிடாமல் பார்த்துக்கொள். தீர்ப்பு வந்ததும் மாமி முன்னால் வாசித்துவிட்டு, என் மகளின் கேக்கை நானே செய்வேன். ரம்பத்தால் அறுத்தாலும் அது ஹலால் கேக்.

மச்சானுக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு என் முத்தம். நம் எல்லோர் வயிற்றையும் அல்லாஹ் சந்தேகமானவற்றிலிருந்து காப்பாற்றுவானாக, ஆமீன்.

இப்படிக்கு,
உன் ஒரே தங்கை

பின்குறிப்பு: இது காலையில் எழுதுவது. உறையை ஒட்டப் போனபோது மகள் இலக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். வந்த வேகத்தில், “பெரியம்மா, நீங்க கள்ளு ஊத்துறீங்கன்னு அம்மா சொன்னாங்க” என்றாள். பூமி பிளக்கும் என்று நின்றேன், பிளக்கவில்லை. இலக்கியம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “தேறல்னா கள்ளும்தான், தேனும்தான். நான் ஊத்துனது தேன். பிள்ளைக்கு ஒரு நல்ல சொல் சொல்லிக் குடுப்போம்னு சொன்னேன். அகராதியைக் கொஞ்சம் கீழேயும் படிக்கணும்மா” என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஆமா, உன் கேக் மட்டும் எப்படி இவ்வளவு வாசமா இருக்கு?” என்று என் எசன்ஸ் பாட்டிலை எடுத்துத் திருப்பினாள். சிரிப்பு நின்றது. பொடி எழுத்தை விரலால் காட்டினாள். ஆல்கஹால், முப்பத்தைந்து சதவீதம். “என் பாட்டில்லயும் இதைப் பார்த்துட்டுத்தான் நான் தேனுக்கு மாறினேன்” என்றாள் மெதுவாக. மூன்று மூடி அக்கா! ஒவ்வொரு கேக்குக்கும்! அந்த நேரம் பார்த்து மாமி செருப்புச் சத்தம். இலக்கியம் பாட்டிலைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல மாமி, கேக்கை நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து செய்யலாம்னு பேசிக்கிட்டிருந்தோம்” என்று சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டாள். சொல், அந்த நல்ல மனசும் அவளுக்குத்தான் இருக்க வேண்டுமா?

மச்சானிடம் கேள்வியை மட்டும் கொஞ்சம் மாற்றிக் கேள். வயிறு நிறையச் சாப்பாடு போட்டு, நல்ல மனநிலையில் இருக்கும்போது கேள்: தெரியாமல் செய்த ஒருத்திக்காகத்தான் கேட்கிறோம் என்று சொல், பெயர் சொல்லாதே. ஓவன் சூட்டில் அது ஆவியாகிவிடும்தானே?