சத்தமே போடாத மோட்டார்

உலகத்துக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தது கோயம்புத்தூர். மாவாட்டிக் கொடுத்தது, நூல் நூற்றுக் கொடுத்தது. இவ்வளவும் கொடுத்த ஊர், மோட்டாரைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் கொடுக்காமல் போய்விட்டதே என்று மானுடம் ஏங்கிக் கிடந்தது. அந்த ஏக்கத்தைத் துடைப்பதற்கென்றே பெரியநாயக்கன்பாளையத்தில் ஒருவர் பிறந்து, வளர்ந்து, கம்பெனி ஆரம்பித்து, அளவான தொப்பையும் போட்டுக் காத்திருந்தார். அவர்தான் 'வரம் பம்ப்ஸ்' அதிபர் திருமலைசாமி.

அவரைத் தட்டி எழுப்பியவன் சைதன்யா. தொழில், 'பிராண்டு கதைசொல்லி'. இதற்கு முன்பு ஒரு முறுக்குக் கம்பெனிக்கும் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கும் ஒரே சமயத்தில் கதை சொல்லி, இரண்டையுமே வளர்த்துவிட்டவன்.

"சார், இப்ப யாருமே பொருளை வாங்கறதில்ல. கதையத்தான் வாங்கறாங்க" என்றான்.

திருமலைசாமி வெட்கிப்போனார். இத்தனை காலமும் விவரம் கெட்டத்தனமாக மோட்டாரை விற்றுக்கொண்டிருந்துவிட்டோமே என்று அன்று சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

மறுநாளே 'உயர்மட்ட ஆலோசனைக் கூட்டம்' கூடியது. தலைமை, திருமலைசாமி. முன்னிலை, அவர் மனைவியும் கம்பெனிக் கணக்கைப் பார்ப்பவளுமான வரலட்சுமி. சிறப்புரை, சைதன்யா. நாற்காலி எடுத்துப்போட வந்த முகமது யூசுப்பும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். யூசுப் அந்தக் கம்பெனியின் ஒரே சர்வீஸ் மெக்கானிக். மோட்டார் எரிந்துபோனால் செம்புக் கம்பியில் புதுக் காயில் கட்டி ஓட வைப்பவர்.

பாட்காஸ்ட்டுக்கு 'டீப் போர்' என்று பெயர் வைக்கலாம் என்றான் சைதன்யா. போர் அடிக்கும் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட வேண்டுமா என்று வரலட்சுமி கேட்டாள். அது 'எதிர்மறைச் சிந்தனை' என்று கூட்டக் குறிப்பில் பதிவு செய்யப்பட்டு, 'ஆழ்துளை' என்ற பெயர் ஏகமனதாக நிறைவேறியது. முதல் எபிசோடின் தலைப்பு, 'வாடிக்கையாளரின் குரல்'.

பாட்காஸ்ட்டுக்கு முதல் எதிரி சத்தம். கம்பெனியோ சத்தத்தால் ஆனது. ஆகவே காலை வேளையில் லேத் மிஷின்கள் நிறுத்தப்பட்டன. மோட்டார் பேக்கிங்குக்கு வைத்திருந்த தெர்மாகோல் முழுவதும் குடோன் சுவரில் ஒட்டப்பட்டு, குடோன் 'ஸ்டுடியோ' ஆனது. செய்து முடித்த மோட்டார்கள் பேக்கிங் இல்லாமல் வராந்தாவில் நின்றன. ஆபீஸ் டெலிபோன் ஒயர் பிடுங்கப்பட்டது. செல்போன்கள் எல்லாம் சைலண்ட்டில் போடப்பட்டு ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போயின. ஒயர் பற்றித் தெரிந்தவர் என்ற ஒரே தகுதியில் யூசுப் 'சவுண்ட் இன்ஜினியர்' ஆகப் பதவி உயர்வு பெற்றார்.

பதவி உயர்வை ஏற்கும்போது யூசுப் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். கோபிசெட்டிபாளையத்திலிருந்து நஞ்சம்மாள் என்றொரு அம்மா போன் செய்துகொண்டே இருக்கிறார்கள், மோட்டார் எரிந்துவிட்டதாம், கதலி வாழை குலை தள்ளுகிற நேரமாம், ஒரு எட்டு போய்விட்டு வந்துவிடவா என்றார்.

"போலாம் யூசுப்பு. மொதல்ல இது நல்லபடியா ஆகட்டும்" என்றார் திருமலைசாமி.

கோபியிலேயே மெக்கானிக் கிடையாதா என்று கேட்பீர்கள். தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆனால், கம்பெனி ஆளைத் தவிர வேறு எவர் மோட்டாரின் முத்திரையைத் தொட்டாலும் வாரண்டி செல்லாது என்று அட்டையில் அச்சடித்திருந்தார் திருமலைசாமி. வாடிக்கையாளரை அன்னியர் கையில் விட்டுவிட அவருக்கு மனம் வராது.

ஆடி பிறந்த கையோடு ஒலிப்பதிவு வைத்தார்கள். கோபி டீலர் 'சந்தோஷமான விவசாயி' ஒருவரை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அவர் வரும் நேரம் பார்த்து வாசலில் ஒரு டெம்போ நின்றது. அதிலிருந்து ஓர் அம்மா இறங்கினார்கள். டிரைவர் ஒரு மோட்டாரையும் ஒரு வாழைத்தாரையும் இறக்கி வைத்தான்.

வந்தவர் நஞ்சம்மாள். போனை யாரும் எடுக்காததால் எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்கள். குறை சொல்லத்தான் போகிறோம், அதற்காக ஒரு ஊட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? அதனால்தான் வாழைத்தார்.

வரலட்சுமியும் நம் மண்ணில் வளர்ந்தவள். வந்தவரை எதற்கு வந்தீர்கள் என்று கேட்பாளா? வாங்க என்றாள், தண்ணீர் கொடுத்தாள், காப்பி கொடுத்தாள். காப்பியைக் குடித்து முடிக்கும் முன்பே விஷயத்தை எடுக்க நஞ்சம்மாளுக்கும் மரியாதை இடம் கொடுக்கவில்லை. அதற்குள் சைதன்யா ஓடி வந்தான். கோபி, வாழைத்தார், மண் ஒட்டிய மோட்டார் மூன்றையும் சேர்த்துப் பார்த்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மோட்டாரைத் தூக்கி மேஜை நடுவில் வைத்து, அதற்கு ஒரு செவ்வந்தி மாலையும் போட்டு, நஞ்சம்மாளை மைக் முன்னால் உட்கார வைத்தான். கம்பெனியில் குறை கேட்கும் முறை இதுதான் போலிருக்கிறது என்று அந்த அம்மாவும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. விருந்தினர் பேசும்போது அடுத்த கேள்வியை மனதில் தயார் செய்ய வேண்டும், கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தலையாட்டினால் போதும் என்று சைதன்யா பயிற்சி கொடுத்திருந்தான். கல்யாணமான நாளிலிருந்து பழகிய வித்தை என்பதால் திருமலைசாமிக்கு அது இயல்பாக வந்தது.

"நம்ம மோட்டார் வந்த பொறவு உங்க வாழ்க்கை எப்படிங்க அக்கா மாறுச்சு?"

"ரொம்ப மாறிப்போச்சுங்க தம்பி. முன்னால படுத்தா தூங்கிப்போடுவனுங்க. இப்பெல்லாம் பொழுதுக்கும் வாழையவே பாத்துட்டு உக்காந்திருக்கறனுங்க."

"அருமைங்க. மோட்டார் சத்தம் எப்படிங்க?"

"சத்தமே போடறதில்லீங்க. போன அமாவாசையில இருந்து கப்பு சிப்புன்னு இருக்குதுங்க."

"பாருங்க நேயர்களே. கரண்ட் எவ்வளவுங்க இழுக்குது?"

"ஒரு பொட்டுக் கரண்ட் இழுக்கறதில்லீங்க."

மின்சிக்கனம் என்று ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டினான் சைதன்யா. திருமலைசாமி தலையாட்டினார்.

"நம்ம சர்வீஸப் பத்திச் சொல்லுங்க அக்கா."

"அதுல ஒரு கொறையுஞ் சொல்ல முடியாதுங்க. யாராச்சும் வந்திருந்தாத்தானுங்களே கொறை சொல்றதுக்கு?"

ஸ்டுடியோவின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டியிருந்த யூசுப் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். ஒலி அளவு பிரமாதம் என்கிறார் போலும் என்று எடுத்துக்கொண்டு, சைதன்யா பதிலுக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

நஞ்சம்மாள் மாலை போட்ட மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மெதுவாகச் சொன்னார்கள்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி. நம்முளது வாய்க்கால் தண்ணி ஏறாத மேட்டுக்காடுங்க. கெணத்துல தண்ணி கெடக்குது, எடுக்க வழியில்லீங்க. கொல தள்ளுன மரம் ஒவ்வொண்ணா மடிஞ்சு உழுகுது. கண்ணால பாக்க முடியலீங்க. ஒரு நாள் பாத்துக் குடுத்தீங்கன்னா போதுமுங்க."

அழுகை வந்ததா, அடக்கிக்கொண்டார்களா, தெரியவில்லை. 'எமோஷன்' உச்சத்தைத் தொட்டுவிட்டதாகச் சைதன்யா பிறகு குறிப்பிட்டான். திருமலைசாமி, இந்த மண்ணின் மகளுக்கு நன்றி என்று கணீரென்று முடித்து வைத்தார். பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். மோட்டாரை விட்டுவிட்டுப் போகிறேன், எப்போது வரட்டும் என்று நஞ்சம்மாள் கேட்டார்கள். பாட்காஸ்ட் வெளியீட்டை நினைத்து, லாஞ்ச் அன்றைக்கு வாங்கம்மா, சொல்லி அனுப்புகிறோம் என்றான் சைதன்யா. லாஞ்ச் என்றால் காயில் கட்டுவதற்குக் கம்பெனியில் வைத்திருக்கும் பெயர் என்று நினைத்துக்கொண்டு, அந்த அம்மா பொன்னாடையோடு பஸ் ஏறினார்கள்.

டீலர் சொன்ன 'சந்தோஷமான விவசாயி' கடைசிவரை வரவில்லை. சந்தோஷமாக இருப்பவருக்கு வர நேரம் இருந்திருக்காது.

நஞ்சம்மாள் கிளம்பிப் போனதுதான் தாமதம், யூசுப் வெளியே வந்து விஷயத்தைப் போட்டு உடைத்தார். வந்துவிட்டுப் போனவர்கள்தான் அந்த நஞ்சம்மாள், மேஜை மேல் இருப்பது எரிந்த மோட்டார், மாலையை எடுத்தால் பொழுது சாய்வதற்குள் காயில் கட்டிவிடுவேன் என்றார்.

சைதன்யா பதறிப்போனான். அந்த மோட்டார் இப்போது வெறும் மோட்டார் அல்ல, 'விஷுவல் ஐடென்டிட்டி' என்றான். போஸ்டரில், போட்டோவில், லாஞ்ச் மேடையில் எல்லாம் அதே மண்ணோடு, அதே மாலையோடு இருக்க வேண்டும். கையை வைத்தால் கன்டின்யுட்டி போய்விடும்.

அப்படியானால் வராந்தாவில் நிற்கும் புது மோட்டாரில் ஒன்றை அனுப்பலாமே என்றாள் வரலட்சுமி. பேக்கிங் இல்லாமல் அனுப்பினால் பிராண்டு என்ன ஆகும் என்று கேட்டார் திருமலைசாமி. தெர்மாகோல் சுவரில் இருந்தது.

"ஏனுங்க, அந்தக்கா உங்களத் திட்டிப்போட்டுப் போயிருக்காங்க. அதாச்சும் தெரியுதுங்களா?" என்றாள் அவள்.

"'ங்க' போட்டுத்தான பேசுனாங்க?" என்றார் திருமலைசாமி.

சரி, நாளைக்கே வெளியிட்டுத் தொலையுங்கள், அந்த மோட்டாராவது விடுதலையாகட்டும் என்றாள் வரலட்சுமி. அங்கேதான் திருமலைசாமியின் பண்பாட்டுப் பிடிப்பு வெளிப்பட்டது. ஆடியில் எவனாவது நல்ல காரியம் தொடங்குவானா? பால் காய்ச்சுவதில்லை, பெண் பார்ப்பதில்லை, பாட்காஸ்ட் மட்டும் விடலாமா? ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு நாள் குறித்தார். வெளியீட்டு அழைப்பிதழ் மஞ்சள் தடவி அச்சானது. பெரிய மனிதர்கள் வீட்டுக்கெல்லாம் தாம்பூலத் தட்டோடு நேரில் போய், இன்டர்நெட்டில் கேட்க வேண்டிய நிகழ்ச்சிக்குக் குடும்பத்தோடு வர வேண்டும் என்று அழைத்தார். ஆடி முழுவதும் காற்று அடித்தது. மழை வரவில்லை. மோட்டார் மாலையோடு இருந்தது. செவ்வந்தி வாட வாடச் சைதன்யா புது மாலை மாற்றினான். யூசுப் தினமும் அதைக் கடந்துபோய் ஹெட்போன் மாட்டிக்கொண்டார்.

ஆவணியில் 'ஆழ்துளை' வெளியானது. சும்மா சொல்லக் கூடாது, கொங்கு நாடே கேட்டது. பொள்ளாச்சியில் தேங்காய் மண்டியில் கேட்டார்கள், கோபியில் டீக்கடையில் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் நம் ஊர்க்காரர்கள். கமெண்ட்டில் ஒருவர்கூட ஒரு கடுஞ்சொல் எழுதவில்லை. 'எங்க தோட்டத்துலயும் உங்க மோட்டார்தானுங்க, அதுவும் ரொம்ப அமைதிங்க' என்று எழுதினார்கள். 'உங்க சர்வீஸ்ல எங்களுக்கும் ஒரு கொறையும் இல்லீங்க' என்று எழுதினார்கள். திருமலைசாமி அவற்றைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடி போட்டு ஆபீஸில் மாட்டினார். அதன் பிறகு போன்களைச் சைலண்ட்டில் போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. டீலர்கள் அழைப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

ஒரு நாள் வரலட்சுமி அந்த மாலையைத் தானே அறுத்துப் போட்டாள். நீங்கள் பேசுகிறீர்களா, நான் பேசட்டுமா என்று போனை நீட்டினாள். வேறு வழியில்லாமல் திருமலைசாமி நஞ்சம்மாளுக்குப் போன் போட்டு, பெருந்தன்மையோடு அறிவித்தார். லாஞ்ச் முடிந்துவிட்டது, மோட்டாரை நாளைக்கே யூசுப் சரிசெய்து கொண்டுவந்து மாட்டித் தருவார், காசு வேண்டாம் என்றார்.



"சந்தோசமுங்க தம்பி. இனி அவசரமில்லீங்க. மரமெல்லாம் வெட்டிப் போட்டாச்சுங்க. காடு ரொம்ப அமைதியா இருக்குது. பேச்சுப் புடிக்கறதுக்குச் சத்தமே இருக்கக் கூடாதுன்னீங்களே, இங்கயே வந்து புடிச்சுக்கங்க. ஒரு சத்தமும் வராதுங்க."

திருமலைசாமிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. வரலட்சுமி உள்ளே போய்விட்டாள். யூசுப் பையில் ஸ்பேனர்களை எடுத்துப் போட ஆரம்பித்தார். அந்தப் பலவீனமான நொடியில் ஒரு மாபெரும் ஊடக முயற்சி அழிந்தே போயிருக்கும். நல்லவேளையாகச் சைதன்யா பக்கத்தில் இருந்தான்.

"அவுட்டோர் ஸ்டுடியோ, சார்" என்றான்.

இரண்டாம் எபிசோடை அங்கேதான் எடுத்தார்கள். தலைப்பு, 'மண்ணோடு ஒரு மனம் திறந்த பேச்சு'. ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். திருமலைசாமியின் குரல் அவ்வளவு துல்லியம். பின்னால் மோட்டார் ஓடுகிற இரைச்சல் இல்லை, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சலசலப்பு இல்லை, ஒரு வாழை இலை காற்றில் அசைகிற சத்தம்கூடக் குறுக்கே வரவில்லை. அப்படிப்பட்ட நிசப்தம் தெர்மாகோல் ஒட்டிக் கிடைக்காது. அதற்கு ஒரு தோட்டத்தையே கொடுக்க வேண்டும். அதுவும் அடுத்தவர் தோட்டமாக இருக்க வேண்டும்.